வீட்டுக்குள்ளே ஒரு சின்ன இசைக்கூடம்!

நம்மில் பலருடைய பிறந்த வீட்டில் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்திருக்கும். பாட்டு டீச்சர் வருகிற நாளில் மட்டும் அது அலமாரி மேலிருந்து இறங்கும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, நாலு கீதம். அதற்குள் வரன் வந்துவிடும். புகுந்த வீட்டுக்கு வந்த பிறகு பாட்டு எங்கே, பெட்டி எங்கே? வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது முணுமுணுப்பதோடு சரி.

அந்த ஆர்மோனியத்தின் கொள்ளுப் பேத்தி மாதிரி ஒரு பெட்டி இப்போது கடைகளில் கிடைக்கிறது. ஒரு முழத்துக்கும் குறைவான நீளம். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. உபயோகித்து முடித்தால் பீரோவில் புடவைக்குப் பக்கத்தில் செருகி வைத்துவிடலாம். ‘மிடி கீபோர்டு கன்ட்ரோலர்’ என்று நீளமாகப் பெயர். எங்கள் வீட்டில் இது வந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் ப்ளஸ் டூ வரை படித்தவள்தான். கம்ப்யூட்டர் வகுப்புக்கெல்லாம் போனதில்லை. எனக்கே கைவந்தது என்றால் உங்களுக்கு வராதா? தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

மிடி என்றால் பாவாடையா?

‘மிடி’ என்றதும் எனக்கும் முதலில் பள்ளிக்கூட நாளில் போட்ட மிடி, டாப்ஸ்தான் ஞாபகம் வந்தது! இது வேறு மிடி. வாத்தியங்களும் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற பாஷைக்கு அந்தப் பெயர்.

1980க்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனியின் மின்சார வாத்தியமும் ஒவ்வொரு விதம். ஒரு கம்பெனியின் மிக்ஸி ஜார் இன்னொரு கம்பெனி மிக்ஸியில் உட்காராது, இல்லையா? அதே கதைதான். அமெரிக்காவில் டேவ் ஸ்மித் என்ற வாத்தியப் பொறியாளர் 1981ல், எல்லோருக்கும் பொதுவாக ஒரு முறை வேண்டும் என்று ஒரு கட்டுரை வாசித்தார். ஜப்பானில் ரோலண்டு கம்பெனியை நிறுவிய இகுதாரோ ககேஹாஷியும் கை கொடுத்தார். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில் இரண்டு வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரு ஒயரால் இணைத்தார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் பாடியது! காசு கேட்காமல் எல்லாக் கம்பெனிக்கும் அந்த முறையைக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் பெரிய விஷயம். அதனால்தான் 40 வருஷத்துக்கு மேலாகியும் அது நிலைத்திருக்கிறது. அந்த இருவருக்கும் 2013ல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

நம் தமிழ் சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு. 1986ல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் துணையோடு இசையமைத்தார். 1992ல் ‘ரோஜா’ மூலம் வந்த ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டை ஒட்டியே ஸ்டூடியோ வைத்துக்கொண்டவர். வீட்டில் உட்கார்ந்து பாட்டு உண்டாக்கலாம் என்பதை நம் ஊர் அன்றைக்கே பார்த்துவிட்டது.

சாம்பார் அல்ல, சமையல் குறிப்பு

ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பலர் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். இந்தப் பெட்டிக்குச் சொந்தக் குரல் கிடையாது. கடையிலிருந்து கொண்டுவந்து கட்டையை அழுத்தினால் ‘டக் டக்’ என்று பிளாஸ்டிக் சத்தம்தான் வரும். (ஒன்றிரண்டு மாடல்களில் மட்டும் ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள்.) சத்தம் வருவது கம்ப்யூட்டரிலிருந்தோ செல்போனிலிருந்தோதான்.

நீங்கள் ஒரு கட்டையை அழுத்தியதும், ‘60ஆம் நம்பர் கட்டையை அழுத்தினார்கள், 90 பலத்தில் அழுத்தினார்கள்’ என்று பெட்டி ஒரு சேதி அனுப்புகிறது. கையை எடுத்ததும், ‘விட்டுவிட்டார்கள்’ என்று இன்னொரு சேதி. இவ்வளவுதான் மிடி. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை நம்பர். அழுத்தும் பலத்துக்கும் 127 வரை அளவு. இந்தச் சேதியை வாங்கிக்கொண்டு வீணையாகவோ, புல்லாங்குழலாகவோ, வயலினாகவோ பாடுவது கம்ப்யூட்டரின் வேலை.

சமையல் குறிப்புக்கும் சமைத்த சாம்பாருக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டால் கூடியதுதான். குறிப்பில் கூடியிருந்தால் அடித்துத் திருத்திவிடலாம். மிடியில் பதிவு செய்ததும் அப்படித்தான். ஒரு சுரம் தப்பாக விழுந்தால் அதை மட்டும் இழுத்துச் சரியான இடத்தில் வைக்கலாம். வேகம் அதிகமென்றால் குறைக்கலாம். குழலில் வாசித்ததை வீணைக்கு மாற்றலாம். கை பழகாத நம்மைப் போன்றவர்களுக்கு இது எத்தனை பெரிய வரப்பிரசாதம்!

பெட்டியில் என்னென்ன இருக்கிறது?

கட்டைகள்: பெரிய பியானோவில் 88 கட்டைகள். இதில் பெரும்பாலும் 25. அதாவது இரண்டு ஸ்தாயி, மேல் ஸட்ஜம் ஒன்று. கொஞ்சம் பெரிய மாடல்களில் 32, 37 கூட உண்டு. ‘25 போதுமா?’ என்று யோசிக்காதீர்கள். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி போக இரண்டு பொத்தான்கள் இருக்கும். தட்டினால் கட்டைகள் அனைத்தும் ஒரு ஸ்தாயி மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும்.

தட்டுப் பட்டைகள்: பல மாடல்களில் ரப்பரில் 8 சதுரங்கள் இருக்கும். தாளம் தட்ட இவை. ஆதி தாளமோ ரூபகமோ விரலால் தட்டிப் பதியலாம். குழந்தைகள் முதலில் கை வைப்பது இங்கேதான்!

திருகுகள்: ஒலியைக் கூட்ட, குறைக்க, எதிரொலி சேர்க்க.

சுர வளைப்பான்: சிறிய சக்கரமாகவோ, குச்சியாகவோ, விரல் தடவும் பட்டையாகவோ இருக்கும். அழுத்திய சுரத்தை மேலும் கீழும் வளைக்க உதவும். நம் சங்கீதத்துக்கு இது முக்கியம். பின்னால் சொல்கிறேன்.

சுருதி மாற்றும் பொத்தான்: இதற்கு ‘டிரான்ஸ்போஸ்’ என்று பெயர். நாம் ஒரே இடத்தில் விரல் வைத்து வாசிக்க, சுருதி மட்டும் நமக்கு வேண்டிய கட்டைக்குப் போகும். பாடுகிறவர்களுக்கு இந்தப் பொத்தானே உயிர்.

வாங்கப் போகிறீர்களா?

அகாய், ஆர்டூரியா, நோவேஷன், கோர்க், எம்-ஆடியோ என்று பல கம்பெனிகள் இதில் இருக்கின்றன. எது உசத்தி என்று சண்டை போட அவசியமில்லை. பட்டுப்புடவை வாங்குகிற மாதிரி தொட்டுப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

* மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஓசை, பலமாக அழுத்தினால் பெரிய ஓசை வருகிறதா என்று கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.
* சின்னக் கட்டையா, முழு அளவா என்று கவனியுங்கள். சின்னக் கட்டை குழந்தை விரலுக்குச் சௌகரியம். உங்கள் விரல் தடிமனாக இருந்தால் அடுத்த கட்டையும் சேர்ந்து அழுந்தும்.
* யுஎஸ்பி ஒயர் ஒன்றிலேயே மின்சாரமும் சேதியும் போகிற மாடலாகப் பாருங்கள். தனி அடாப்டர் தொல்லை வேண்டாம்.
* கூடவே என்ன மென்பொருள் தருகிறார்கள் என்று கேளுங்கள். பல மாடல்களோடு ஏதாவது ஒரு பாட்டுப் பதிவு மென்பொருள் இலவசமாக வரும்.
* பயன்படுத்திய பெட்டி வாங்கினால் 25 கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இணைப்பது எப்படி?

வீட்டில் பிள்ளைகள் படிக்க வாங்கிய லேப்டாப் இருந்தால் அதுவே போதும். யுஎஸ்பி ஒயரைச் செருகினால் பெரும்பாலும் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். ஆண்ட்ராய்டு போன் என்றால் ‘ஓடிஜி’ என்ற சின்ன இணைப்பான் வேண்டும். போன் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஆப்பிள் கருவி வைத்திருப்பவர்களுக்கு ‘காரேஜ்பேண்டு’ இலவசம். மற்றக் கம்ப்யூட்டர்களுக்கு ‘எல்.எம்.எம்.எஸ்.’ இருக்கிறது. செல்போனுக்கு ‘பேண்ட்லேப்’. ஒன்றை எடுத்துக்கொண்டு ஆறு மாசமாவது அதிலேயே பழகுங்கள். நாளுக்கொரு மென்பொருள் என்று தாவினால் ஒன்றும் படியாது.

முதல் நாளே எல்லோரும் புலம்புகிற ஒரு சங்கடம் உண்டு. கட்டையை அழுத்துகிறோம், சத்தம் கொஞ்சம் தாமதித்து வருகிறது. பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு காரணங்கள்தான். ஒன்று, ப்ளூடூத் ஹெட்போன். சினிமா பார்க்க அது சரி, வாசிக்க உதவாது. ஒயர் உள்ள ஹெட்போனை மாட்டுங்கள். இரண்டாவது, மென்பொருளில் ‘பஃபர்’ என்று ஓர் எண் இருக்கும். கம்ப்யூட்டர் ஒலியை ஒரு பாத்திரத்தில் நிரப்பி, நிரம்பிய பிறகு ஊற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் பெரிசானால் காத்திருக்கும் நேரமும் கூடும். 1024 என்றிருந்தால் அங்கே மட்டும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் 23 பங்கு தாமதம். 256 ஆக்கினால் 6 பங்குக்குள் அடங்கிவிடும். ரொம்பவும் குறைத்தால் ‘கரகர’ என்று சத்தம் வரும். அப்போது ஒரு படி கூட்டிவிடுங்கள்.

ஐந்து கறுப்புக் கட்டையில் ஐந்து ராகம்

‘எனக்குச் சங்கீதமே தெரியாதே’ என்கிற சகோதரிகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லித் தருகிறேன். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கறுப்புக் கட்டைகள் இரண்டு சேர்ந்தும், மூன்று சேர்ந்தும் மாறி மாறி இருக்கும். வெள்ளையைத் தொடவே கூடாது. கறுப்பை மட்டும் வரிசையாக வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றில் முதல் கறுப்பை ஸட்ஜமாக வைத்து மேலே ஏறினால் மோகனம். இரண்டாவதில் தொடங்கினால் மத்யமாவதி. மூன்றாவதில் தொடங்கினால் ஹிந்தோளம். இரட்டையில் முதல் கறுப்பு என்றால் சுத்த சாவேரி. அடுத்தது சுத்த தன்யாசி. தொடங்கிய கறுப்பை ஆதார சுருதியாக ஒலிக்கவிட்டு வாசித்தால்தான் வித்தியாசம் காதுக்குப் புரியும். அதே ஐந்து கட்டைகள், ஆரம்பிக்கும் இடம் மாறினால் ராகமே மாறிவிடுகிறது. பெரியவர்கள் இதைக் கிரக பேதம் என்பார்கள். ஒன்பது வயசுப் பிள்ளைகூட அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளைக் கட்டைகளில், இரட்டைக் கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளையில் தொடங்கி வரிசையாக ஏறினால் சங்கராபரணம். அதையே ஸட்ஜமாக வைத்து, ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் மட்டும் அவற்றின் இடப்பக்கத்துக் கறுப்பைத் தொட்டால் மாயாமாளவகௌளை. சரளி வரிசை கற்ற ராகம்! விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடர வேண்டியதுதான்.

இன்னொரு குறிப்பு. ‘அவர் 5 கட்டையில் பாடுகிறார்’ என்கிறோமே, அந்தக் கணக்கும் இங்கேதான் இருக்கிறது. சங்கராபரணத்துக்குத் தொடங்கிய வெள்ளைதான் 1 கட்டை. வெள்ளைகளை அப்படியே எண்ணிக்கொண்டு போனால் ஐந்தாவது வெள்ளை 5 கட்டை. நடுவில் உள்ள கறுப்பு அரைக் கட்டை. 3க்கும் 4க்கும் இடையே கறுப்பே கிடையாது. அதனால் ‘3½ கட்டை’ என்று யாராவது அளந்தால் சிரித்துக்கொள்ளலாம்!

அத்தையின் பாட்டு

இந்தப் பெட்டியால் எங்கள் வீட்டில் நடந்த உருப்படியான காரியம் ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும்.

என் மாமியாருக்கு இப்போது 81 வயசு. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். தாலாட்டு, நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, கும்மி என்று அவர் வாயில் இருக்கிற பாட்டுக்குக் கணக்கில்லை. எதுவும் புத்தகத்தில் கிடையாது. அவர் அம்மா பாடக் கேட்டு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மறதி ஆரம்பித்தது. சாப்பிட்டதை மறந்தார். வந்தவரை மறந்தார். மறதி நோயின் ஆரம்பம் என்றார் டாக்டர். ‘சாவியைத் தேடலாம், கண்ணாடியைத் தேடலாம். அவருக்குள்ளேயே இருக்கிற பாட்டு போய்விட்டால் எங்கே போய்த் தேடுவது?’ என்று எனக்கு ராத்திரித் தூக்கம் வரவில்லை.

ஆனால் ஒன்று. பழகிய பாட்டு மற்ற ஞாபகங்களைவிட நீண்ட நாள் தங்கும் என்று டாக்டரே சொன்னார். அதை நம்பி உட்கார்ந்தோம்.

காலையில் காபி குடித்த பிறகு அரை மணி நேரம். அதற்கு மேல் அவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். கீபோர்டில் தம்பூரா ஒலியை வைத்து ஸ-ப-ஸ பதிந்து, அது திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி செய்தேன். வயசு காலத்தில் 5 கட்டையில் கணீரென்று பாடினவர். இப்போது குரல் 3 கட்டையில்தான் நிற்கிறது. சில நாள் அதுவும் எட்டாது. இரண்டாவது அடியிலேயே மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட நாளில் சுருதியை அரைக் கட்டை இறக்கிவிடுவேன். ஒரு பொத்தான்தானே!

ஒருநாள் அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

“ஏம்மா, பெட்டி என் பின்னாலேயே வருது!” என்றார்.

“ஆமாம் அத்தை, உங்களுக்காகத்தான் இறங்கியிருக்கு.”

“அந்தக் காலத்துல கல்யாண வீட்டுல ஆர்மோனியக்காரர் என்னைத்தான் மேலே ஏறச் சொல்வார்” என்று சொல்லிச் சிரித்தார். அன்று மட்டும் மூன்று பாட்டுப் பாடினார்.

நம் தாலாட்டுகளில் தாய்மாமன் சீரும் குடும்பத்தார் பெயரும் வருவது உங்களுக்குத் தெரியும். அத்தையின் தாலாட்டிலும் அவர் பெற்ற பிள்ளைகளின் பெயர் ஒவ்வொன்றாக வரும். பதிந்ததை நோட்டில் எழுதும்போது ஒரு பெயர் எனக்குப் புரியவில்லை. வீட்டில் அந்தப் பெயரில் யாருமே கிடையாது. கேட்டேன்.

“அது உன் வீட்டுக்காரருக்கு மூத்தது. பொண்ணு. எட்டு மாசத்துல போயிடுச்சு” என்றார், ஏதோ நேற்று நடந்த மாதிரி.

என் கணவருக்கு 52 வயசு. தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்குப் போட்டோ கிடையாது, பிறந்த சான்றிதழ் கிடையாது. அம்மாவின் பாட்டில் மட்டும்தான் இருந்திருக்கிறாள்.

இதுவரை 23 பாட்டுகள் பதிந்திருக்கிறோம். சிலவற்றை அவர் இப்போது முழுசாகப் பாடுவதில்லை. பதிவில் முழுசாக இருக்கிறது. பெங்களூரில் இருக்கிற நாத்தனார் மகள் தன் கைக்குழந்தைக்கு அந்தத் தாலாட்டைப் போட்டுக் கேட்டு, தானும் பாடப் பழகிவிட்டாள்.

வீட்டில் குரல் பதிவு: சில அனுபவக் குறிப்புகள்

* மிடி பெட்டி குரலைப் பதியாது. அதற்கு மைக் வேண்டும். ஆரம்பத்தில் செல்போனே போதும். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்.
* தம்பூரா ஒலியைப் பாடுகிறவர் ஹெட்போனில் கேட்கட்டும். ஸ்பீக்கரில் வைத்தால் அதுவும் குரலோடு சேர்ந்து பதிந்துவிடும். பிறகு பிரிக்க முடியாது.
* கூடத்தைவிடப் படுக்கையறை நல்லது. மெத்தை, தலையணை, துணி நிறைந்த பீரோ எல்லாம் எதிரொலியை விழுங்கிவிடும். பீரோக் கதவைத் திறந்து வைத்து அதன் முன்னால் பாடச் சொல்லுங்கள்.
* மின்விசிறியை நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜ் சத்தம் வராத அறையாகப் பாருங்கள். குக்கர் வைத்துவிட்டு வந்து உட்காராதீர்கள்! நாலாவது விசிலும் பாட்டோடு சேர்ந்துவிடும்.
* தாளத்தைத் தானே சரிசெய்யும் ‘க்வான்டைஸ்’ வசதி மென்பொருளில் உண்டு. பஜனைக்கும் குழந்தைப் பாட்டுக்கும் அது நல்லது. தாலாட்டுக்குக் கூட வாசிக்கும்போது வேண்டாம். தூளி ஆடுகிற அசைவே போய்விடும்.
* முடிந்த பாட்டைச் சாதாரண ஒலிக் கோப்பாகவும் மாற்றி வையுங்கள். மென்பொருள் மாறினாலும் அது பாடும். லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, ஊரில் இருக்கிற உறவினரிடம் ஒன்று என்று மூன்று பிரதி அவசியம். பாட்டு வரிகளை நோட்டிலும் எழுதுங்கள்.

கமகம் வருமா?

சங்கீதம் தெரிந்தவர்கள் கேட்பது இது. நியாயமான கேள்வி. நம் சங்கீதத்தில் சுரம் அசையும், வழுக்கும். கட்டையோ ஒரே இடத்தில் நிற்கும். இதே குறையைச் சொல்லித்தான் 1940ல் ஆல் இந்தியா ரேடியோவில் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டார்கள். அந்தத் தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மிடி பெட்டியில் சுர வளைப்பான் இருப்பதால் ஆர்மோனியத்தைவிட நிலைமை தேவலை. சாதாரணமாக அது சுரத்தை ஒரு முழுக் கட்டை தூரம் மேலும் கீழும் வளைக்கும். வலக்கையில் சுரம், இடக்கையில் வளைப்பு என்று பழக வேண்டும். கச்சேரி மேடையில் கீபோர்டிலேயே கமகம் வாசிக்கும் வித்வான் சத்யநாராயணன் போன்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அது வருஷக்கணக்கான சாதகம். மோகனம், ஹிந்தோளம் மாதிரி ராகங்கள் கட்டையில் ஓரளவு நன்றாகவே வரும். தாலாட்டுக்குப் பேர்போன நீலாம்பரி இருக்கிறதே, அது லேசில் பிடிபடாது. அந்த இடத்தில் நான் கட்டையில் கை வைப்பதில்லை. தம்பூராவை மட்டும் ஒலிக்கவிட்டுக் குரலுக்கே விட்டுவிடுவேன்.

காதும் கையும் ஜாக்கிரதை

ஹெட்போன் போட்டு வேலை செய்வதால் காதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்ன வரம்பு. ஒலி கூடக் கூட, கேட்கலாம் என்கிற நேரம் வேகமாகக் குறையும். வீட்டில் டெசிபல் அளக்கிற கருவிக்கு எங்கே போவது? ஹெட்போன் போட்டிருக்கும்போது பக்கத்தில் பேசுவது காதில் விழ வேண்டும். விழவில்லை என்றால் ஒலி அதிகம். காதில் ‘ங்ஙொய்’ என்று இரைச்சல் வந்தால் அன்றைக்கு மூட்டை கட்டுங்கள். தொடர்ந்து இருந்தால் காது மருத்துவரைப் பாருங்கள்.

கைக்குழந்தைக்குப் பதிவுத் தாலாட்டுப் போடும்போது செல்போனைத் தொட்டிலுக்குள் வைக்காதீர்கள். தூரத்தில் மேஜை மேல், மெல்லிய ஒலியில் இருக்கட்டும். தூங்கினதும் நிறுத்திவிடுங்கள். அதோடு, பதிவு என்பது உங்கள் குரலுக்கு மாற்று அல்ல. குழந்தைக்கு வேண்டியது உங்கள் குரலும் மடியும்தான். சுருதி சேராவிட்டாலும் அது குறை சொல்லாது!

இளம் தாய்மார்களுக்கு இன்னொன்று. குழந்தையை அடிக்கடி தூக்கி, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலி வருவது பிரசவத்துக்குப் பிறகு சகஜம். அந்த வலி இருக்கும்போது கீபோர்டை நெடுநேரம் வாசிக்க வேண்டாம். வலி விடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றவர்களும் கட்டிலில் சாய்ந்துகொண்டு வாசிக்காதீர்கள். முழங்கை உயரத்துக்குப் பெட்டி இருக்கட்டும். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கட்டும். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து கையை உதறிவிட்டு வாருங்கள்.

நேரம் எங்கே இருக்கிறது?

‘வீட்டு வேலைக்கே நேரம் பற்றவில்லை’ என்பீர்கள். தெரியும். தினம் 20 நிமிஷம் போதும். முதல் வாரம் கறுப்புக் கட்டை விளையாட்டு. இரண்டாவது வாரம் சரளி வரிசை. மூன்றாவது வாரம் தம்பூரா ஒலியைப் பதிந்து கூடவே பாடுவது. நாலாவது வாரம் தட்டுப் பட்டையில் ஒரு தாளம் பதிந்து, அதன்மேல் தெரிந்த பஜனைப் பாட்டு ஒன்று. ஒரு மாசத்தில் உங்கள் பாட்டு ஒன்று கையில் இருக்கும். ஹெட்போனில் வாசிப்பதால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் தொந்தரவில்லை, நியூஸ் பார்க்கிற வீட்டுக்காரருக்கும் தொந்தரவில்லை.

செலவு யோசிக்க வேண்டிய விஷயம்தான். கையில் இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம். இந்த மென்பொருள்களில் பலவற்றில் திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். அதைத் தொட்டே பழகிவிட்டு, பிடித்தால் பெட்டி வாங்கலாம்.

ஆனால் வீட்டில் பாடத் தெரிந்த பெரியவர் இருந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காதீர்கள். பெட்டி அடுத்த மாசம் வரட்டும், அடுத்த வருஷம் வரட்டும். நாளைக் காலை காபிக்குப் பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்போனைப் பக்கத்தில் வைத்து, “ஒரு பாட்டுப் பாடுங்களேன்” என்று கேளுங்கள். சுருதியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.